கணுக்கால் பட்டை

நீந்துகிறவன் உசத்தியா, சைக்கிள் மிதிக்கிறவன் உசத்தியா, ஓடுகிறவன் உசத்தியா என்று மூன்று பேருக்குள் வாய்த்தகராறு வந்தால் என்ன செய்ய வேண்டும்? மூவருக்கும் வயிறு முட்டச் சோறு போட்டு வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஹவாய்த் தீவில் யாரும் அப்படிச் செய்யவில்லை. ஓட்டப்பந்தயப் பரிசளிப்பு ஒன்றில் இந்தத் தகராறு கிளம்பியதாம். கடற்படைக்காரர் ஒருவர் எழுந்து, தீவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த மூன்று நெடும்பந்தயங்களையும் ஒன்றாகக் கோர்ப்போம், ஒரே மூச்சில் முடிப்போம், முதலில் வருகிறவனை ‘இரும்பு மனிதன்’ என்று கூப்பிடுவோம் என்றாராம். கூட்டம் சிரித்திருக்கிறது. சிரித்ததோடு விட்டிருக்கலாம். 1978-இல் பதினைந்து பேர் நிஜமாகவே கடலில் இறங்கினார்கள். ஏறக்குறைய நாலு கிலோமீட்டர் நீச்சல், நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள், அது போதாதென்று ஒரு முழு மாரத்தான். பன்னிரண்டு பேர் முடித்தார்கள். ஜெயித்தவர் டாக்சி ஓட்டிப் பிழைத்தவர். இரண்டாவது வந்தவருக்குக் கூட வந்த நண்பர்கள், தண்ணீர் தீர்ந்துபோன வேளையில் பீரை ஊற்றிக் கொடுத்தார்களாம். நண்பன் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் தம்பி சொன்னது. அவன் சைக்கிள் பைத்தியம். சக்கரம் சுற்றுகிற எதைப் பற்றிக் கேட்டாலும் தொடக்கத்திலிருந்து ஆரம்பிப்பான். ஹவாய்க்கும் நாலு வருஷம் முன்னால் அமெரிக்கக் கடற்கரை ஊர் ஒன்றில் ஓட்டக்காரர் சங்கம் ஒன்று, ஓடி ஓடி அலுத்துப்போய், மாறுதலுக்காக ஒரு சாயங்காலம் மூன்றையும் கலந்து நடத்தியது என்பான். அதில் ஓட்டம் முதலில், நீச்சல் கடைசிப் பக்கம். இருட்டிவிட்டதால் காரின் விளக்கைப் போட்டுக் கடைசி ஆட்களுக்கு வெளிச்சம் காட்டினார்களாம். களைத்தவனைத் தண்ணீரில் தள்ளக் கூடாது என்ற ஞானம் பிறகுதான் வந்திருக்க வேண்டும். இப்போது எங்கேயும் நீச்சல்தான் முதலில். அடுத்து சைக்கிள், கடைசியில் ஓட்டம். ஓடும்போது மயங்கினால் தரையில்தானே விழுவார்கள். இந்த விளையாட்டுக்கு டிரையத்லான் என்று பெயர் வைத்து, 2000-த்தில் ஒலிம்பிக்கிலும் சேர்த்துவிட்டார்கள். வாய்ச்சண்டைக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டுச் சண்டைக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. ஒரு பலகைத் தடுப்புதான் கிடைப்பதாக இருந்தது.

நாங்கள் பல் செட் செய்கிறவர்கள். அப்பா விட்டுப்போன பட்டறை. ஒரே நீள அறை. ஜன்னல் பக்கம் அண்ணன். டாக்டர்களிடமிருந்து வரும் வாயச்சில் மாவு கலந்து ஊற்றி, பல்லில்லாத ஈறுகளை வரிசையாகக் காயவைப்பான். கதவுப் பக்கம் தம்பி. மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு வாய் அமைப்பான். நடுவில், குளியலறைக் கதவை ஒட்டி, மெருகு போடும் மெஷின். அதற்கு முன்னால் ஒரு ஸ்டூலில் நான். இரண்டு பேர் செய்த அழகையும் கடைசியில் பளபளப்பாக்குவது என் வேலை. பாத்ரூமுக்குப் போகிற எவரும் என் முழங்காலை இடித்துவிட்டுத்தான் போக முடியும். மேஜை வேண்டும் என்று நான் கேட்ட காலம் ஒன்று உண்டு. இடமில்லை என்று இரண்டு பேரும் ஒற்றுமையாகச் சொன்னார்கள். அவர்கள் ஒற்றுமையாகச் சொன்ன விஷயங்கள் மிகக் குறைவு என்பதால் நன்றாக நினைவிருக்கிறது.

சண்டை ஒரு பல்லால் வந்தது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவருக்குச் செட். அவர் தன் பழைய புகைப்படம் ஒன்றைக் கொடுத்திருந்தார். முன்பல் ஒன்று கொஞ்சம் திரும்பி, பக்கத்துப் பல்லின் மேல் தோள் போட்ட மாதிரி இருக்கும். தம்பி அதைப் பார்த்துப் பார்த்து அப்படியே மெழுகில் நட்டுவிட்டுச் சாப்பிடப் போனான். அண்ணன் வந்து பார்த்தான். தம்பி கைதவறிக் கோணலாக வைத்துவிட்டான் என்று நினைத்து, பாசத்தோடு, சூடான கத்தியால் மெழுகை இளக்கிப் பல்லை நேராக்கிவிட்டான். சொல்லவுமில்லை. உபகாரம் செய்கிறவன் தம்பட்டம் அடிப்பானா? செட் அப்படியே வார்ப்புப் பெட்டிக்குள் கொதிநீரில் வெந்து, இறுகி, என் கையில் பளபளப்பாகி, டாக்டரிடம் போனது.

அந்த அம்மா கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இது யாரோட பல்லு?" என்று கேட்டாராம். அவர் கணவர், "வீட்டுக்கு யாரோ விருந்தாளி வந்த மாதிரி இருக்கு" என்றாராம். தம்பி டாக்டர் அறையிலேயே, நோயாளிகள் பார்க்க, அண்ணனைப் பார்த்துக் கத்தித் தீர்த்தான். புதுச் செட் செய்து கொடுத்ததும் அந்த அம்மா சிரித்துக்கொண்டு போய்விட்டார். இவர்கள்தான் சிரிக்கவில்லை. சொல்லாமல் தன் வேலையில் கைவைத்ததற்கு அண்ணன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றான் தம்பி. நாலு பேர் முன்னால் கத்தியதற்குத் தம்பி கேட்க வேண்டும் என்றான் அண்ணன். இரண்டும் நியாயம். இரண்டு நியாயம் ஒரே அறையில் இருந்தால் மூன்றாவது ஆளுக்குத்தான் தலைவலி.

அன்றிலிருந்து நான் தபால் இலாகா. கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, "அவன்கிட்ட சொல்லு, மெழுகு அடுப்பை அணைக்கச் சொல்லி" என்பான் ஒருவன். "அது ஏற்கெனவே அணைஞ்சாச்சுன்னு அவன்கிட்ட சொல்லு" என்பான் மற்றவன். நான் மெஷினை நிறுத்தி, முகமூடியை இறக்கி, ஒருவன் சொன்னதை அப்படியே மற்றவனுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும்.

இது பல மாதம் ஓடியது. ஒருநாள் அண்ணன் தச்சரைக் கூட்டி வந்தான். பட்டறைக்கு நடுவில் மேல்கூரை வரை பலகைத் தடுப்பு. இனிமேல் அவனவன் பக்கம், அவனவன் வேலை, அவனவன் டாக்டர்கள். தம்பி மறுப்பே சொல்லவில்லை. "தடுப்பு கொஞ்சம் கனமா இருக்கணும்னு அவன்கிட்ட சொல்லு" என்றான். தச்சர் நாடாவைப் பிடித்து அளந்துகொண்டே வந்தவர் என் மெஷினுக்கு முன்னால் நின்றுவிட்டார். தடுப்பு வர வேண்டிய கோடு சரியாக அதன் மேல்தான் விழுந்தது.

"இதை எந்தப் பக்கம் தள்றது?" என்றார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "அவ இஷ்டம்" என்றான் அண்ணன். "அக்கா இஷ்டம்தான்" என்றான் தம்பி. அடடா, என்ன பெருந்தன்மை. இந்தப் பக்கம் உட்கார்ந்தால் அந்தப் பக்கத்துக்கு நான் செத்தவள். அந்தப் பக்கம் உட்கார்ந்தால் இந்தப் பக்கத்துக்கு. தடுப்பு வேண்டாம் என்றேன். யார் காதிலும் ஏறவில்லை. பிறர் தபால்களை எடுத்துப் போகிறவளுக்குச் சொந்தமாகக் கடிதம் போட உரிமை கிடையாது போல. வருகிற திங்கட்கிழமை வேலை ஆரம்பம் என்று சொல்லிவிட்டுத் தச்சர் போனார்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள்தான் பந்தயம்.

அதற்குக் காரணம் பெரிய டாக்டர். எங்களுக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் அவரிடமிருந்துதான். அவருக்கு ஐம்பது வயதில் திடீரென்று உடம்பு இருப்பது தெரியவந்து, டிரையத்லானில் இறங்கிவிட்டார். அவர் ஊரில் பல் டாக்டர்கள் சேர்ந்து ஏரிக்கரையில் ஒரு பந்தயம் நடத்தினார்கள். தனியாளாக மூன்றையும் செய்யலாம். முடியாதவர்கள் மூன்று பேர் குழுவாகச் சேர்ந்து ஆளுக்கு ஒன்று செய்யலாம். "உங்க லேப்ல சரியா மூணு பேர் இருக்கீங்களே!" என்றார் டாக்டர், ஏதோ கண்டுபிடிப்பு செய்தவர் போல. அவரிடம் முடியாது என்று சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் நாக்கு எழாது.

அண்ணனுக்கு நீச்சல். அவன் உருவத்துக்குத் தண்ணீரில் மூழ்குவதுதான் கஷ்டம். சின்ன வயதிலிருந்து நீந்துகிறவன். தம்பிக்குச் சைக்கிள், கேட்கவே வேண்டாம். மிச்சமிருந்தது ஓட்டம். பஸ் பிடிக்கத் தவிர வேறெதற்கும் ஓடாத எனக்கு அதைத் தள்ளிவிட்டார்கள். நல்லவேளை, இது சின்னப் பந்தயம். முக்கால் கிலோமீட்டர் நீச்சல், இருபது கிலோமீட்டர் சைக்கிள், ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக்கில் இதைப்போல் இரண்டு மடங்கு. ஹவாய்க்காரர்கள் செய்ததைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அண்ணனும் தம்பியும் சுலபமாக ஒப்புக்கொண்டதுதான் ஆச்சரியம். யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமில்லை. ஒருவன் தண்ணீரில், ஒருவன் ரோட்டில். முகத்தில் முழிக்காமல் ஒரே குழுவில் இருக்கலாம். பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்களுக்கு என்றே யாரோ உட்கார்ந்து யோசித்த விளையாட்டு என்று நானும் நினைத்தேன்.

பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னால் விதிகளை விளக்க ஒரு கூட்டம். கழுத்தில் விசில் தொங்க ஒரு அம்மா மேடையேறினார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. எங்களுக்கு அவர் விசிலம்மா. நீச்சலுக்கும் சைக்கிளுக்கும் நடுவில், சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் நடுவில், சைக்கிள்களை மாட்டிவைக்கும் கம்பிகள் நிற்கிற மைதானம் ஒன்று உண்டு. மாறுமிடம் என்றார். எத்தனையோ பந்தயங்களில் ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான், இதை நாலாவது விளையாட்டு என்றே சொல்வார்கள் என்றார். ஹெல்மெட் வாரை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும். சைக்கிளைத் திரும்பக் கம்பியில் மாட்டிய பிறகுதான் வாரைக் கழற்ற வேண்டும். கோடு தாண்டும் வரை சைக்கிளை உருட்டித்தான் போக வேண்டும், ஏறக் கூடாது. முன்னால் போகிறவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றுக்கு ஒளியக் கூடாது. தம்பி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான், அவனே எழுதிக் கொடுத்த மாதிரி.

பிறகு விசிலம்மா ஒரு பட்டையைத் தூக்கிக் காட்டினார். நேரம் பதிவதற்கான சில்லு தைத்த துணிப்பட்டை. ஒட்டுப்பட்டி போட்டுக் கணுக்காலில் கட்டிக்கொள்வது. குழுவுக்கு ஒரு பட்டைதான். ஒருவர் காலிலிருந்து அடுத்தவர் காலுக்கு மாறினால்தான் அடுத்தவர் கிளம்பலாம்.

"கட்டியிருக்கிறவங்க தன் கையால அவுக்கக் கூடாது. போன வருஷம் அவசரத்துல அவுத்து வீசி, ரெண்டு பட்டை ஏரிக்குள்ள போச்சு. அதனால இந்த வருஷம் அடுத்து போறவர்தான் குனிஞ்சு அவுத்து, தன் கால்ல கட்டிக்கணும். மீறினா குழுவே வெளிய."

நான் மெதுவாக இடப்பக்கம் திரும்பினேன். தம்பி முகம் மாவு அச்சு மாதிரி வெளுத்திருந்தது. வலப்பக்கம் திரும்பினேன். அண்ணன் பல மாதத்துக்குப் பிறகு சிரித்தான். அவன் தன் வலது காலை நீட்டி, கணுக்காலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

"விதின்னா விதிதானே" என்றான் என்னிடம்.

மறுநாள் காலை பட்டறைக்குள் நுழைந்தால் அண்ணன் நட்டநடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தான். என் ஸ்டூல்.

"அவன்கிட்ட சொல்லு, குதிகாலையும் தேய்ச்சுக் கழுவிருக்கேன்னு."

"நான் கையுறை போட்டுக்கிட்டுத்தான் தொடுவேன்னு அவன்கிட்ட சொல்லு" என்றான் தம்பி.

"குனியறப்ப இடுப்பைப் பாத்துக்கச் சொல்லு."

"நான் குனிய மாட்டேன்னு சொல்லு! செத்தாலும் குனிய மாட்டேன்!"

"நீங்களே சொல்லித் தொலைங்களேன்டா!" என்று கத்திவிட்டு நான் மெஷினை முழு வேகத்தில் போட்டேன். அந்த இரைச்சலில்தான் எனக்கு நிம்மதி.

செத்தாலும் குனிய மாட்டேன் என்றவன் சும்மா இருக்கவில்லை. கொதிக்கிற தண்ணீரிலிருந்து வார்ப்புப் பெட்டியைத் தூக்க எங்களிடம் ஒரு நீள இடுக்கி உண்டு. கை நீளம் இருக்கும். அண்ணன் வெளியே போன ஒரு மதியம் தம்பி என் கணுக்காலில் ஒரு துணிப்பட்டையைக் கட்டி, நிமிர்ந்து நின்றபடி, அந்த இடுக்கியால் அதைக் கழற்றிப் பழகினான். முதலில் என் சதையைக் கவ்வினான். பிறகு பாவாடை நுனியைக் கவ்வினான். கடைசியில் பட்டையைப் பிடித்து ஒரே இழுப்பில் கழற்றிவிட்டான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் முழு வாய் செட்டை ஒரே நாளில் முடித்தவன் போலிருந்தது.

"இதை அங்க கொண்டு வரப் போறியா?" என்றேன்.

"இடுக்கியால அவுக்கக் கூடாதுன்னு விதியில சொல்லலையே."

"டேய், அவன் உன் அண்ணன்டா. காலைத் தொட்டா கை கருகிடுமா?"

"நான் தொட்டா நான் தப்பு பண்ணேன்னு ஆயிடும்கா. அப்புறம் ஆயுசு முழுக்க அதையே சொல்லிக் காட்டுவான். அவனை உனக்குத் தெரியாது."

எனக்கா தெரியாது? நிச்சயம் சொல்லிக் காட்டுவான்.

பந்தய நாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்தும் விடியாமலும் ஏரிக்கரையில் அத்தனை கூட்டம். ஒவ்வொருவர் கையிலும் கறுப்பு மையால் எண் எழுதினார்கள். பெரிய டாக்டர் உடம்போடு ஒட்டிய ரப்பர் உடுப்பில் வந்தார். அதற்குள் நுழைய அவருக்கு இரண்டு பேர் உதவி தேவைப்பட்டதாகக் கேள்வி. "டீம் ஸ்பிரிட்! அதான் முக்கியம்!" என்று எங்கள் மூன்று பேர் தோளையும் தட்டினார். ஆளுக்கு ஒரு திசையைப் பார்த்து நாங்கள் ஆமாம் என்றோம்.

அண்ணன் தண்ணீரில் இறங்கினான். தம்பி கம்பியில் மாட்டிய சைக்கிளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். யாரும் கரையேறுவதற்கு முன்பே ஹெல்மெட் போட்டு, வார் மாட்டி, தாடை இறுகி நின்றான். காலடியில் சுருட்டிய துண்டு. துண்டுக்குள் இடுக்கி. குழு ஆட்கள் கம்பிக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்பதால் நானும் நின்றேன். நாளைக்கு இந்நேரம் தச்சர் வந்திருப்பார் என்பது மட்டும்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் வாலிபர்கள் வந்தார்கள். பிறகு பெண்கள் சிலர். பிறகு டாக்டர், கரையில் ரப்பரை உரிக்க முடியாமல் ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டு. எல்லோருக்கும் பின்னால், அவசரமே இல்லாமல், என் அண்ணன் வந்தான். மேலே தண்ணீர் வழிய, வயிறு முன்னால் வர, ராஜா மாதிரி நடந்து வந்தான். அந்த நடையை வர்ணிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவன் நொண்டவில்லை. கால் பிடித்த மாதிரி ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. நான் என் கண்ணால் பார்த்தேன்.

கம்பிக்குப் பக்கத்தில் வந்து, வலது காலை ஒரு எட்டு முன்னால் வைத்தான். முகத்தில் அந்தச் சிரிப்பு தயாராக இருந்தது.

தம்பி துண்டை உதறி இடுக்கியை எடுத்தான்.

அண்ணன் அதைப் பார்த்தான். இருபது வருஷமாக அந்த இடுக்கியை அவன் கையாண்டிருக்கிறான். கை தாங்காத சூடுள்ள பொருளைத் தொடுவதற்கு மட்டும் எடுப்பது. அவனுடைய சிரிப்பு அப்படியே இறங்கிப்போனது. கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவன் முகம் சின்னப் பிள்ளையினுடையது போல் ஆகிவிட்டது. எனக்குத் தம்பியை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.

அடுத்து அண்ணன் செய்ததை அங்கிருந்த யாரும் எதிர்பார்க்கவில்லை. புல்தரையில் கையை ஊன்றி, உட்கார்ந்து, அப்படியே மல்லாந்து படுத்துவிட்டான். படுத்துக்கொண்டு வலது காலைத் தூக்கி, சைக்கிள் மாட்டும் கம்பியின் மேல் போட்டான். பட்டை கட்டிய கணுக்கால் தம்பியின் நெஞ்சுக்கு நேராக நின்றது. குனியவே வேண்டாம். அவ்வளவு பெரிய உடம்பு தரையில், மண்ணெல்லாம் முதுகில் ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் ஆட்கள் வேடிக்கை பார்க்க.

"சீக்கிரம் அவுடா, கால் மரத்துப்போகுது" என்றான்.

‘அவன்கிட்ட சொல்லு’ இல்லை. நேராக அவனிடம். இடுக்கி புல்லில் விழுந்தது. தம்பி நின்றபடியே இரண்டு கையாலும் பட்டையைப் பிரித்தான். நனைந்த ஒட்டுப்பட்டி பிரிய நேரமானது. ஒருவழியாகப் பிரித்துத் தன் காலில் கட்டிக்கொண்டு சைக்கிளைப் பிடித்தான். கிளம்ப வேண்டியவன் கிளம்பவில்லை. கம்பி மேல் போட்ட காலை இறக்கத் தெரியாமல் அண்ணன் புரண்டுகொண்டிருந்தான். தம்பி சைக்கிளை மறுபடி மாட்டிவிட்டு வந்து, அந்தக் குதிகாலைக் கையில் ஏந்தி, மெதுவாக, மிக மெதுவாகக் குனிந்து தரையில் வைத்தான். அதற்கு எந்த விதியும் கிடையாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"நேரம் போகுது, கிளம்புங்க!" என்று விசிலம்மா ஊதிய பிறகுதான் தம்பி ஓடினான். விசிலம்மா புல்லில் கிடந்த இடுக்கியை எடுத்துப் பார்த்தார்.

"இது என்னங்க?"

"பல் செட் செய்யறதுக்குங்க" என்றேன்.

"பந்தயத்துல எதுக்கு?"

"தெரியலைங்க. எங்க வீட்டுல எதுக்கும் காரணம் கேக்கக் கூடாது."

தம்பி எத்தனை பேரைத் தாண்டினான் என்று அவன் இன்றைக்கும் சொல்வான். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் இரண்டு பேர் கூடுவார்கள். திரும்பி வந்து சைக்கிளை மாட்டி, அதன் பிறகே வாரைக் கழற்றினான். நான் சட்டென்று குனிந்து அவன் காலிலிருந்து பட்டையை அவிழ்த்தேன். எனக்கென்ன, நான் அக்கா, எந்தக் காலையும் தொடுவேன்.

"அவன் எங்கக்கா?" என்றான் மூச்சிரைக்க.

"அதோ, மரத்தடியில பன் தின்னுட்டு இருக்கான்."

"கால் எப்படி இருக்குன்னு கேளேன்."

"நீயே கேளு. நான் ஓடணும்."

சொல்லிவிட்டு ஓடினேன். தபால் இலாகாவை அன்றைக்கு அந்த இடத்தில் மூடினேன். ஓட்டத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர். முதல் ஒன்றில் ஓடினேன், இரண்டாவதில் ஓடுவது மாதிரி நடித்தேன், பிறகு நடந்தேன். பெரிய டாக்டர் என்னைத் தாண்டும்போது, "மூக்கால மூச்சு விடுங்க!" என்று அறிவுரை சொன்னார். பத்து வருஷமாக முகமூடிக்குள் மாவுத்தூளை மூச்சாக இழுக்கிறவளிடம் சொல்கிறார். கடைசித் திருப்பத்தில் தண்ணீர் மேஜையைக்கூட மடித்து வைத்துவிட்டார்கள்.

முடிவுக் கோட்டுக்கு அருகில் வரும்போதே சத்தம் கேட்டது. அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"கால் பிடிச்சுது, அதனால படுத்தேன்!"

"பொய்! ராஜா மாதிரி நடந்து வந்தே, நான் பாக்கல?"

"பிடிச்சுதுன்னா பிடிச்சுதுதான். உன் நேரத்தைப் பாரு. காலைத் தாலாட்டிட்டு நின்னியே, அதுல எத்தனை நிமிஷம் போச்சு!"

"வேற எப்படி இறக்குவே? யானை மாதிரி உருண்டுக்கிட்டு இருந்தே!"

"நீ இடுக்கி தூக்கிட்டு வந்ததைவிடவா?"

நான் கோட்டைத் தாண்டியதை அந்த இரண்டு பேரும் பார்க்கவே இல்லை. நேரம் பதியும் மெஷின் மட்டும் ‘பீப்’ என்று எனக்கு வரவேற்பு சொன்னது. பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் தொப்பென்று விழுந்தேன். விசிலம்மா ஓடி வந்தார்.

"கடைசிக் குழு நீங்கதாம்மா. பட்டையைக் குடுத்துட்டா மூட்டையைக் கட்டிடுவோம்."

என் கையால் அவிழ்க்கக் கூடாதே. அண்ணனும் தம்பியும் அப்போதுதான் என்னைப் பார்த்து ஓடி வந்தார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் காலடியில் உட்கார்ந்தார்கள். நான் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

"என்னக்கா?"

"நாளைக்குத் தச்சர் வர்றாரா இல்லையா?" என்றேன். "அதைச் சொல்லிட்டு அவுங்க."

"அம்மா, வண்டி கிளம்பணும்" என்றார் விசிலம்மா.

"கிளம்பும்மா. இவங்க ஒரு பதில் சொல்லட்டும். இவ்வளவு நாள் இவங்க பேச்சை நான் சுமந்தேன். என் பேச்சை இன்னைக்கு இவங்க கேக்கட்டும். எனக்குத் தடுப்பு வேண்டாம். எனக்கு ரெண்டு பக்கமும் வேணும்."

பேசும்போது குரல் உடைந்துவிட்டது. ஓடிய களைப்பு என்று அவர்கள் நினைத்திருக்கலாம். நினைக்கட்டும்.

அண்ணன் தரையைப் பார்த்தான். "பலகை வந்து இறங்கிடுச்சே" என்றான், கெஞ்சுவது போல.

"இறங்கினா என்ன?" என்றான் தம்பி அவனிடம். "அக்காவுக்கு ஒரு மேஜை அடிச்சிடலாம். பாத்ரூம் வாசல்ல உக்காந்து எத்தனை வருஷமா இடி வாங்குது."

"எங்க போடுவே?"

"ஜன்னலோரம்."

"ஜன்னல் என் பக்கம்டா."

"அதனாலதான் கேக்கறேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான். "போட்டுக்கோ" என்றான்.

நான் காலை நீட்டினேன். ஒருவன் குதிகாலைப் பிடித்துக்கொண்டான், மற்றவன் ஒட்டுப்பட்டியைப் பிரித்தான். விசிலம்மா அதை வாங்கிக்கொண்டு ஓடியே போய்விட்டார்.

திங்கட்கிழமை தச்சர் வந்தார். தடுப்புப் பலகையெல்லாம் மேஜையானது. அண்ணனுக்குக் கால் பிடித்ததா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. வாரத்துக்கு ஒரு முறை, நேருக்கு நேர், மெழுகு அடுப்பு எரிய எரிய நடக்கிறது. இப்போது நான் ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து மெருகு போடுகிறேன். காற்றடித்தால் தூள் இரண்டு பக்கமும் பறக்கிறது, இரண்டு பேர் தலையும் வெள்ளையாகிறது. மெஷினை நிறுத்தாமலே எனக்குக் கேட்கிறது.

"தூள் பறக்குதுன்னு அவகிட்ட சொல்லேன்டா" என்கிறான் அண்ணன்.

"நான் மாட்டேன்பா" என்கிறான் தம்பி. "நீயே சொல்லு."